வாராக்கடன் வீட்டில் பணம் போடுவது: நெல்லைப் பக்கம் எது முடியும், எங்கே இடறும்

தம்பி கேட்டிருப்பது இரண்டு. டெக்சாஸில் இருக்கும் அத்தான், தவணை நின்றுபோன வீட்டுக்கடன் பத்திரங்களைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பணம் பார்க்கிறார். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியுமா? முடியாதென்றால், பேப்பரில் ஏல அறிவிப்பு வந்திருக்கும் பெருமாள்புரம் வீட்டை, 42 லட்சம் குறைந்தபட்ச விலை, பாங்க் ஏலத்தில் எடுக்கலாமா, எடுத்த பிறகு சிக்கல் வந்தால் எப்படிச் சமாளிப்பது?

முதலில் அத்தான் செய்வது என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டுக்கடன் வாங்குகிறவர் ஒரு கடன் உறுதிச்சீட்டில் கையெழுத்துப் போடுகிறார். அதை அங்கே 'நோட்' என்கிறார்கள். அதற்குப் பாதுகாப்பாக வீடு அடமானம் நிற்கிறது. தவணை நின்றதும் கடன் கொடுத்த நிறுவனம் அந்தச் சீட்டையும் அடமான உரிமையையும் சேர்த்து இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், வாங்குகிறவர் தனிநபராகவும் இருக்கலாம். வாங்கியவர்தான் அப்போதிலிருந்து கடன் கொடுத்தவர். வீட்டுக்காரரோடு பேசிப் புதிய தவணை போடுவார், இல்லை ஒரு தொகைக்கு முடித்துக்கொள்வார், இல்லை வீட்டை ஏலத்துக்குக் கொண்டுபோவார். டெக்சாஸில் கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் விட வழி இருக்கிறது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கவுண்டியில், நம்மூர் மாவட்டம் மாதிரி, ஏலம் நடக்கும். நியூயார்க், நியூஜெர்சி மாதிரி மாநிலங்களில் அதே வேலை கோர்ட் வழியாக வருஷக்கணக்கில் இழுக்கும். அத்தானுக்குக் கைகொடுத்ததில் மாநிலச் சட்டத்துக்கும் பங்குண்டு.

இந்தியாவில் பாங்க் கடனை நீங்கள் அப்படி வாங்க முடியாது. ரிசர்வ் வங்கியின் கடன் மாற்ற விதிகளின்படி கடனை வாங்கக் கூடியவர்கள் பாங்குகள், நிதி நிறுவனங்கள், வாராக்கடனை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் போன்றவர்கள் மட்டுமே. தனிநபருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. மறுசீரமைப்பு நிறுவனம் தொடங்குவதற்கு 300 கோடி ரூபாய் சொந்த நிதி வேண்டும் என்று 2022இல் உயர்த்திவிட்டார்கள். அந்த நிறுவனங்கள் வாங்கிய கடனில் பங்காக வெளியிடும் பாதுகாப்பு ரசீதுகளும் தகுதி பெற்ற பெரிய முதலீட்டாளர்களுக்குத்தான். "பாங்க் வாராக்கடனில் உங்கள் பேரில் பங்கு வாங்கித் தருகிறேன், மாதம் இவ்வளவு வரும்" என்று யாராவது வண்ணார்பேட்டையில் ஆபீஸ் போட்டுச் சொன்னால், அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.

தனியாருக்குள் எழுதிய பதிவு செய்த அடமானப் பத்திரம் வேறு. அதைப் பதிவுப் பத்திரம் மூலம் நீங்கள் வாங்கிக்கொள்ள சட்டத்தில் இடமுண்டு, கடன்காரருக்கு, அதாவது கடன் வாங்கியவருக்கு, எழுத்தில் தகவல் கொடுக்க வேண்டும். வசூல் என்று வந்தால் சிவில் கோர்ட்தான் வழி. முதல்நிலைத் தீர்ப்பு, பணம் கட்ட அவகாசம், இறுதித் தீர்ப்பு, பிறகு நிறைவேற்று மனு என்று வரிசையாகப் போகும். பணம் கொடுக்க வேண்டிய தேதியிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். நம் பக்கத்து ஒத்திப் பத்திரத்தை இதோடு குழப்பக் கூடாது. ஒத்தியில் நீங்கள் சுவாதீனத்தில் இருந்து அனுபவிக்கலாம், ஆனால் மீட்டுக்கொள்ளச் சொந்தக்காரருக்கு 30 வருஷம் இருக்கிறது. இதையே தொழிலாகச் செய்தால் 1957ஆம் வருஷத்துக் கடன் கொடுப்போர் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், 2003ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டமும் தலைக்கு மேல் இருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டி தாங்காமல் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த ஊர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. இந்த வழியை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

மிச்சம் இருப்பது பாங்க் ஏலம். 2002ஆம் வருஷத்து சர்ஃபேசி சட்டத்தின் கீழ் பாங்க் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கலாம். அறிவிப்புகள் செய்தித்தாளிலும் 'பேங்க்நெட்' தளத்திலும் வருகின்றன. இந்தத் தொழிலில் லாபம் வாங்கும் விலையில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கள் பணம் எத்தனை மாதம் அசையாமல் கிடக்கும் என்பதில்தான் அது இருக்கிறது. பெருமாள்புரம் வீட்டுக் கணக்கையே போடுவோம்.

ஏலத்தில் கலந்துகொள்ள முதலிலேயே கட்டும் முன்வைப்புத் தொகை வழக்கமாகக் குறைந்தபட்ச விலையில் 10 சதவீதம், அதாவது 4,20,000. ஏலம் 44 லட்சத்தில் முடிகிறது என்று வையுங்கள். அன்றைக்கே, தவறினால் அடுத்த வேலைநாளுக்குள், 25 சதவீதம் கட்ட வேண்டும். அது 11 லட்சம். முன்வைப்பைக் கழித்தால் 6,80,000. விற்பனை உறுதியானதிலிருந்து 15ஆம் நாளுக்குள் மிச்சம் 33 லட்சம். பாங்க் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அவகாசத்தை நீட்டலாம், அதிகபட்சம் மூன்று மாதம். பத்திரச் செலவுக்கு 9 சதவீதம் எடுத்து வையுங்கள், 3,96,000. வழக்கமான கிரயத்துக்கு 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் ஆகும். ஏலத்தில் கிரயப் பத்திரத்துக்குப் பதிலாக பாங்க் கொடுக்கும் விற்பனைச் சான்றிதழுக்கு எவ்வளவு என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் ஏலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். சாவி கைக்கு வர ஒரு வருஷம் ஆனால், 44 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி இன்னொரு 3,96,000. வயரிங், தண்ணீர்க் குழாய், பெயிண்ட், வரி பாக்கி, வக்கீல் எல்லாம் சேர்த்து 3 லட்சம். மொத்தம் 54,92,000 வந்துவிட்டது. அந்தத் தெருவில் அதே அளவு வீடு 55 லட்சத்துக்குப் போகிறதென்றால், இவ்வளவு அலைச்சலுக்கும் 8,000 ரூபாய்தான் மிச்சம். அதனால் கணக்கைக் கீழிருந்து மேலே போடுங்கள். வெளியே என்ன விலைக்குப் போகும், அதில் இந்தச் செலவெல்லாம் போக உங்களுக்கு எவ்வளவு நிற்க வேண்டும் என்று கழித்துக்கொண்டே வந்து, கிடைக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏலத் திரையில் அந்த எண்ணைத் தாண்டினால் கையை எடுத்துவிட வேண்டும். ஏலம் 50 லட்சத்தைத் தொட்டால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டியதும் சேரும்.

33 லட்சத்துக்கு வீட்டுக்கடன் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். ஏலச் சொத்துக்குக் கடன் கொடுக்கிற பாங்க், தன் வக்கீலை வைத்துத் திரும்பவும் மூலப் பத்திரத்திலிருந்து பார்க்கும். 15 நாளில் அது முடியாது. கட்ட முடியாமல் போனால் 25 சதவீதமும் பறிமுதல். அதைத் திருப்பித் தரச் சொல்ல முடியாது என்பதை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. எங்கள் கணக்கில் அது 11 லட்சம். ஆகவே கடன் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் மட்டும் முன்வைப்பைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முழுத்தொகையும் சொந்தமாக இருக்க வேண்டும்.

இப்போது காகிதங்கள். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் பாங்க் விட்ட தேதிப் பிழையாலும் பின்னால் தடையாணை வரலாம். ஏலம் நடத்தும் அதிகாரியிடம் போய், கடனைக் கட்டச் சொல்லி அனுப்பிய முதல் நோட்டீஸ் எந்தத் தேதி, கடன்காரருக்கு அது கிடைத்த தேதி எது என்று கேளுங்கள். கடன்காரருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அவர் ஆட்சேபம் எழுதியிருந்தால் பாங்க் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியிருக்க வேண்டும். 60 நாள் முடிந்த பிறகுதான், சொத்தை பாங்க் தன் கைக்கு எடுத்ததைச் சொல்லும் சுவாதீன நோட்டீஸ். சுவாதீனம் எடுத்த ஏழு நாளுக்குள் அது இரண்டு செய்தித்தாளில், ஒன்று தமிழில், வந்திருக்க வேண்டும். அதன் பிறகு கடன்காரருக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ். முதல் ஏலம் ஆள் வராமல் போயிருந்தால் அடுத்த ஏலத்துக்கு 15 நாள் போதும். ஒரு வெள்ளைத் தாளில் இந்தத் தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுவில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 30 நாள் இருக்க வேண்டிய இடத்தில் 28 இருந்தால், அந்த இரண்டு நாளைப் பிடித்துக்கொண்டே ஒரு நல்ல வக்கீல் விற்பனையை ரத்து செய்ய வைப்பார். கடன்காரர் பணம் கட்டி வீட்டை மீட்கிற உரிமை, பொது ஏல அறிவிப்பு வெளியாகும் வரைக்கும்தான் என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது ஏலம் எடுப்பவருக்குத் தெம்புதான். ஆனால் அந்த அறிவிப்பே முறையாக வரவில்லை என்றால் அந்தத் தெம்பும் நிற்காது.

அறிவிப்பில் 'அடையாள சுவாதீனம்' என்று போட்டிருக்கிறதா, 'நேரடி சுவாதீனம்' என்றா? இந்த ஒரு சொல் விலையில் 15 சதவீதம் வித்தியாசம் செய்யும் என்பது என் மதிப்பீடு. அடையாளம் என்றால் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், குடும்பம் உள்ளேதான் இருக்கிறது. அவர்களை வெளியேற்ற கலெக்டரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ பாங்க் மனுப் போட வேண்டும். சட்டத்தில் 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாள் என்று இருக்கிறது. நடைமுறையில் கோப்பு நகர மாதங்கள் ஆகும். உத்தரவு வந்தாலும் போலீஸ் பாதுகாப்பும் தாசில்தாரோ வக்கீல் கமிஷனரோ ஒரே நாளில் கிடைக்க வேண்டும். உத்தரவு ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். மனுகூடப் போடவில்லை என்றால் என் கருத்து, இதை விட்டுவிட்டு அடுத்த சொத்தைப் பாருங்கள்.

வில்லங்கச் சான்றிதழை 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியாக இந்த பாங்க்கின் உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது பத்திரத்தை ஒப்படைத்து வைத்த அடமானம், பதிவாகியிருக்கும். அதற்கு முன்னால் வேறு அடமானம் கிடந்து ரத்து ரசீது இல்லையென்றால் கேளுங்கள். கோர்ட் ஜப்தி, வணிகவரி ஜப்தி பதிவு இருந்தால் அதை நீக்கித் தருவது யார் பொறுப்பு என்று பாங்கிடம் எழுத்தில் வாங்குங்கள். மத்தியப் பதிவகமான செர்சாயில் சொத்து விவரம் போட்டுத் தேடினால் இன்னொரு பாங்க் இதே வீட்டில் உரிமை பதிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும், கட்டணம் சொற்பம். மதுரைக் கடன் வசூல் தீர்ப்பாயத்தின் வழக்குப் பட்டியலிலும் மாவட்ட கோர்ட்டின் இணையப் பட்டியலிலும் கடன்காரர் பெயர், மனைவி பெயர், ஜாமீன்தாரர் பெயர் மூன்றையும் போட்டுத் தேடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு ஒன்று ஒளிந்திருப்பது அங்கேதான் வெளிப்படும். டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் இது அதிகம். அப்பா பெயரில் இருந்த வீட்டை அண்ணன் மட்டும் அடமானம் வைத்திருப்பார், தங்கச்சிமார் கையெழுத்து இருக்காது. வாரிசுச் சான்றிதழில் உள்ள பெயர்களையும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பெயர்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

விவசாய நிலத்தைச் சர்ஃபேசியில் எடுக்க முடியாது. தாமிரபரணிப் பாசனத்தில் நஞ்சையாக இருந்து மனை போட்ட இடங்களில், பட்டாவில் இன்னும் நஞ்சை என்றே இருக்கும். நிலம் உண்மையில் எப்படிப் பயன்பட்டது என்பதைக் கோர்ட் பார்க்கும் என்றாலும், கடன்காரருக்கு இழுத்தடிக்க அது போதுமான காரணம். மனை அங்கீகாரம் இல்லாவிட்டால் விற்கும்போதும் வாங்குகிறவர் கடன் கிடைக்காமல் பின்வாங்குவார். கோயில் நிலம், குளத்துப் புறம்போக்கு, இரண்டையும் பட்டாவோடு 'அ' பதிவேட்டிலும் பாருங்கள். மாநகராட்சிக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு.

அப்புறம் நேரில் போங்கள், பகலில், அளவு டேப்போடு. பத்திரத்தில் 5 சென்ட் என்றால் 2,178 சதுர அடி. நான்கெல்லையையும் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தே சரிபாருங்கள். மேற்கே பொது முடுக்கு என்று எழுதியிருந்தால் அந்த முடுக்கு இன்னும் திறந்திருக்கிறதா, பக்கத்து வீட்டார் கேட் போட்டு அடைத்துவிட்டார்களா? குளியலறைத் தண்ணீர் யார் நிலத்தின் வழியாகப் போகிறது? 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை ஆற்றோரம் எல்லாம் தண்ணீர் ஏறியது. அந்தப் பக்கத்து வீடென்றால் சுவரில் எந்த உயரம் வரை உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறது, ஸ்விட்ச் போர்டை மேலே ஏற்றிப் புதிதாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பெருமாள்புரத்துக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்பதை எதிர்வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அதே எதிர்வீட்டில் மின் இணைப்பு எண் முதல், உள்ளே குடியிருப்பவர் சொந்தக்காரரா வாடகைக்காரரா என்பது வரை தெரியும். வாடகைக்காரர் அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வைத்திருந்தால் அவரை உடனே எழுப்ப முடியாது.

மின் பாக்கியைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 'உள்ளது உள்ளபடி' என்று வாங்கின சொத்தில் பழைய பாக்கியைப் புதுச் சொந்தக்காரரிடம் கேட்க, விதிகளில் இடமிருந்தால், மின்வாரியத்துக்கு உரிமை உண்டு என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டு இணைப்பில் சில ஆயிரம், கடை இணைப்பு என்றால் லட்சம். சொத்துவரி பாக்கி, பாதாளச் சாக்கடைக் கட்டணம், குடிநீர்க் கட்டணம் மூன்றையும் மாநகராட்சியில் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து எடுத்த பிறகும் இடறல் வரும். பெரியது தீர்ப்பாயத் தடை. பாங்க் எடுத்த ஒவ்வொரு நடவடிக்கையையும் எதிர்த்து 45 நாளுக்குள் கடன்காரர் மதுரைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே தோற்றால் சென்னை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதற்கு அவர் கடன் தொகையில் 50 சதவீதம் கட்ட வேண்டும், 25 வரை குறைக்கலாம். ஏலம் எடுத்த அன்றே உங்கள் வக்கீல் மூலம் கேவியட், அதாவது 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்ற முன்மனு, போடுங்கள், சர்ஃபேசி சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது, 90 நாள் நிற்கும். உங்களைக் கேட்காமல் தடை போவதை அது குறைக்கும். வழக்கு ஏற்கெனவே ஓடுகிறதென்றால் உங்களை ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். "பாங்க் வக்கீல் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால் அவர் பாங்க்கைத்தான் பார்ப்பார். 25 சதவீதம் கட்டிய பிறகு, மீதி கட்டுமுன் தடை வந்தால், தடையாணையின் நகலை இணைத்து, கெடு முடிவதற்குள் பாங்குக்கு எழுதுங்கள்: மீதியைக் கட்டத் தயார், தடை இருப்பதால் அவகாசம் எழுத்தில் வேண்டும். இந்தக் கடிதம் இல்லாமல் சும்மா இருந்துவிட்டால் கட்டாதது உங்கள் குற்றமாக மாறிவிடும். முழுப்பணமும் கட்டிய பிறகு தடை வந்தால், அந்தப் பணத்தை வட்டி வரும் தனி வைப்பில் வைக்கச் சொல்லி பாங்கிடமும் தீர்ப்பாயத்திடமும் கேளுங்கள். விற்பனை ரத்தானால் வட்டியோடு திரும்பக் கேட்பதற்கு இந்தக் கோரிக்கை பதிவில் இருப்பது உதவும். சிவில் கோர்ட்டுக்கு இந்த விஷயத்தில் பெரும்பாலும் அதிகாரம் இல்லை, ஆனாலும் வாரிசுகள் பாகப் பங்கு கேட்டு அங்கே போவது நடக்கிறது. ஐகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் போடுவதும் உண்டு. இரண்டு வருஷம் வட்டியில்லாமல் கிடந்தாலும் வீடு நடக்கிற பணமாக இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மகள் கல்யாணத்துக்கு வைத்த பணம் வேண்டாம்.

உள்ளே இருக்கும் குடும்பம்தான் அடுத்தது. பாங்குக்கு அது ஒரு கோப்பு எண், உங்களுக்கு நாளைக்குப் பக்கத்துத் தெருவில் முகம் பார்க்க வேண்டிய ஆட்கள். விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்ததும், ஆள்களைக் கூட்டிக்கொண்டு போகாமல், அந்தத் தெருவில் மதிப்புள்ள ஒரு பெரியவரோடு போய்ப் பேசுங்கள். பிள்ளைகள் பரீட்சை முடியும் வரை இரண்டு மாதம், வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஒரு தொகை என்று பேசி முடித்தால், சாமான் ஏற்றும் நாளில் சாவியை வாங்கிக்கொண்டு அந்தத் தொகையைக் காசோலையாகக் கொடுத்து, இருவரும் கையெழுத்திட்ட சுவாதீன ஒப்படைப்புக் கடிதம் எழுதி, பாங்குக்கு ஒரு நகல் அனுப்புங்கள். 44 லட்சத்துக்கு மாத வட்டி 33,000. ஒரு வருஷ இழுவையோடு ஒப்பிட்டால் 75,000 கொடுத்து அனுப்புவது லாபம், மனசுக்கும் நல்லது. மின்சாரத்தைத் துண்டிப்பது, பூட்டை உடைப்பது, மிரட்டுவது எதுவும் வேண்டாம். போலீஸ் வழக்கு உங்கள் மேல்தான் வரும்.

சாவி வந்த நாளில் ஒவ்வொரு அறையையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துப் பூட்டுகளை மாற்றுங்கள். விற்பனைச் சான்றிதழைச் சார்பதிவாளரிடம் கொண்டுபோய், வில்லங்கத்தில் உங்கள் பெயரும் பாங்க் அடமானம் ரத்தான பதிவும் ஏறிவிட்டதா என்று பதினைந்து நாள் கழித்து ஒரு முறை போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரங்களை பாங்கிடமிருந்து பட்டியல் போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள், ஒரு பத்திரம் குறைந்தாலும் அன்றைக்கே கேட்க வேண்டும். பட்டா மாறுதல், சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் மூன்றுக்கும் ஒரே வாரத்தில் மனுக் கொடுத்துவிடலாம். உட்பிரிவு செய்ய வேண்டிய இடமென்றால் சர்வேயர் வரும் நாளில் நீங்களே கூட நில்லுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு.